பாட்டு கொள்ளாம், வார்த்தை வெளங்கல்ல

குமரி மாவட்டத்துக்கு இசை நாடகம் போட வருகிற வெளியூர்க் குழுக்கள் மறுநாள் காலை சாயாக்கடையில் கேட்கிற விமர்சனம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்: பாட்டு நன்றாக இருந்தது, சொல்தான் விளங்கவில்லை. பாடகர் நல்ல குரல்காரர், பக்கவாத்தியம் நேரடியாக வாசித்தது, உடுப்புக்கும் திரைச்சீலைக்கும் பெருஞ்செலவு. அப்படியிருந்தும் கூட்டம் அசையவில்லை, கைதட்டல் மெலிந்துபோனது, பத்து மணிக்குப் பாதி நாற்காலி காலி. "இந்த ஊருக்கு ரசனை இல்லை" என்று வேனில் ஏறும்போது யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறானது. பாட்டிலே கதை கேட்கிற ரசனை இந்த மாவட்டத்தில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. பாட்டின் சொல் பின்வரிசைக்குப் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணம்.

நாடகக் குழுக்களுக்கும், அவர்களை அழைக்கிற கோயில் கமிட்டி, தேவாலயப் பங்குப் பேரவைக்காரர்களுக்கும், மைக்செட் போடுகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை விரிவாக எழுதுகிறோம்.

எப்படிப்பட்ட காது இது

இங்கே ஒருவர் நாடகம் பார்க்க உட்காரும் முன்பே எத்தனையோ கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பார். வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒரு வரி பாடுவார், பக்கப்பாட்டுக்காரர்கள் அதே வரியை ஏற்றுத் திருப்பிப் பாடுவார்கள். நடுவே பேச்சு வரும், ஒருவர் "ஆமா" போடுவார். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் சேர்ந்து ஒலித்தாலும் கதை சொல்கிற இடத்தில் உடுக்கையும் குடமும் இறங்கிவிடும். கேட்பவருக்கு ஒரு சொல் தவறினால் திருப்பிப் பாடும்போது பிடித்துக்கொள்வார். மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் இதோடு கதாப்பிரசங்கமும் சேர்கிறது. ஒரே ஆள் பேசியும் பாடியும் முழுக் கதையைக் கொண்டுபோகிற கலை அது. தேவாலயங்களில் கீர்த்தனைகள், தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி பாடும் இரவு என்று சமயம் எதுவானாலும் சொல்லை முன்னால் வைத்துப் பாடுவதே இந்த மண்ணின் பழக்கம்.

இப்படிப் பழகிய காதுக்கு, இசையின் பிரமாண்டம் இரண்டாம் பட்சம். "அவ என்ன சொன்னா?" என்பது முதல் கேள்வி. அதற்கு விடை கிடைக்காவிட்டால் பத்து நிமிடம் பொறுப்பார்கள், பிறகு பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ரசிக்கத் தெரியாததால் அப்படிச் செய்யவில்லை. கதை கைவிட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பழைய இசை நாடக மரபுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்த நாடகங்களில் விருத்தம் முதலில், பாட்டு அடுத்து. தாளக்கட்டு இல்லாத விருத்தத்தில் சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கும். சூழ்நிலை விளங்கிய பிறகுதான் தாளம் பிடித்துப் பாட்டு ஓடும். மைக் இல்லாத காலத்தில் ஐந்து, ஐந்தரைக் கட்டை என்கிற உச்சச் சுருதியில் பாடியும் கடைசி வரிசைக்குக் கதை போய்ச் சேர்ந்ததில் இந்த வரிசைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் இருந்தவர், வில்லுப்பாட்டையும் கையாண்டவர். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் இடைவெளியே தெரியாமல் போய்வருகிற அவருடைய முறை இந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்கு இயல்பாக வரக்கூடியது.

இன்றைய குழுக்கள் விருத்தத்தை "மெதுவாக இருக்கிறது" என்று வெட்டிவிட்டு நேரே வேகப்பாட்டில் இறங்குகின்றன. வெட்டக் கூடாத இடம் அது. விருத்தம் வேண்டாமென்றால் பாட்டுக்கு முன் நாலு வரி வசனத்தில் கதைச் செய்தியைச் சொல்லிவிடுங்கள். பாட்டு உணர்ச்சியைச் சுமக்கட்டும். யார் யாருக்கு மகன், எந்த ஊரிலிருந்து வந்தான், எதற்காகக் கோபம் என்பதையெல்லாம் பாட்டின் தலையில் ஏற்றாதீர்கள். கோரஸ் பாட்டென்றால் முதல் முறை ஒரே குரல் பாடட்டும், இரண்டாம் முறை எல்லாரும் சேரட்டும். எட்டுப் பேர் எட்டு இம்மி முன்பின்னாகப் பாடினால் வல்லின எழுத்துகள் தேய்ந்து வெறும் உயிரொலி மட்டும் மிஞ்சும்.

சொல் எங்கே தொலைகிறது

மைதானத்தில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் இறங்கும். ஸ்பீக்கரிலிருந்து 5 மீட்டரில் 90 டெசிபெல் என்றால் 10 மீட்டரில் 84, 20 மீட்டரில் 78, 40 மீட்டரில் 72. நாற்பதாவது மீட்டரில் கடலைவண்டி அடுப்பு, ஜெனரேட்டர், பிள்ளைகள், ரோட்டில் போகிற பஸ் எல்லாம் இருக்கும். பின்வரிசைக்குக் கேட்கட்டும் என்று மேடைப்பக்கம் ஒலியை ஏற்றினால் முன்வரிசையில் இருக்கிற கிழவிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் வரிசையும் அதுதான். "ஒரே எரைச்சல்" என்ற பெயர் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதற்கு மருந்து, நடுவில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர். மேடையிலிருந்து 30 மீட்டரில் வைத்தால் அதற்குத் தாமதம் கொடுத்தே ஆகவேண்டும். நம் ஊர் இரவுச் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 347 மீட்டர் போகும். 30 மீட்டர் கடக்க ஏறத்தாழ 86 மில்லி விநாடி ஆகும். தாமதம் கொடுக்காவிட்டால் பின்வரிசைக்காரருக்கு ஒரே சொல் இரண்டு முறை கேட்கும், ஐம்பது மில்லி விநாடிக்கு மேல் பிரிந்தால் அது எதிரொலியாகவே விழும். கணக்குக்கு மேல் பத்துப் பதினைந்து மில்லி விநாடி கூட்டி 100 என்று வையுங்கள். அப்போது குரல் மேடையிலிருந்து வருவதுபோலவே தோன்றும், தெளிவு மட்டும் பக்கத்து ஸ்பீக்கர் தரும். இப்போதுள்ள டிஜிட்டல் மிக்சர்களில் இந்த வசதி உண்டு. பலர் திறப்பதில்லை.

அடுத்தது குரலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள விகிதம். பாடும்போது குரல், பக்கவாத்தியத்தைவிடக் குறைந்தது 6 டெசிபெல் மேலே நிற்கவேண்டும். பாட்டுக் கச்சேரிக்கு மைக்செட் போட்டுப் பழகியவர் கீபோர்டையும் பேஸையும் தூக்கி வைப்பார், அது அவர் பழக்கம். நாடகம் தொடங்குமுன் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் நிற்கவைத்து, மேடையில் ஒரு பாட்டைப் பாடவிட்டு, "இந்த வரியில என்ன சொல்லு வந்துது அண்ணே?" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் வேறு விளக்கம் தேவைப்படாது, அவரே கை வைத்துச் சரிசெய்வார். ஆண்குரல் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது, 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குவது, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றுவது ஆகிய மூன்றும் போதும். எக்கோ போடுவதை வசனத்தில் முழுக்க நிறுத்துங்கள். பாட்டிலும் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தலையில் மாட்டுகிற வயர்லெஸ் மைக் இருந்தால் வாய்க்கு நேரே வைக்காமல் உதட்டோரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கன்னத்தில் டேப் ஒட்டுங்கள். குமரியின் ஈரக்காற்றில் வேர்வை ஓயாது. டேப்புக்கு அடியில் முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காவிட்டால் இரண்டாம் காட்சியில் மைக் தாடைக்கு இறங்கிவிடும். பாட்டரியை ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் போடவேண்டும், நேற்றைய மிச்சத்தை நம்பக் கூடாது. எட்டு மைக்கும் எப்போதும் திறந்திருந்தால் ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கில் புகுந்து ஊளை வரும். திறந்த மைக்கின் எண்ணிக்கை இரட்டிப்பானால், ஊளை வராமல் தூக்கக்கூடிய ஒலி 3 டெசிபெல் குறையும். ஆகவே பேசாதவர் மைக்கை மூடுவதற்குக் கதை தெரிந்த ஒருவர் மிக்சர் பக்கம் உட்கார்ந்தே தீரவேண்டும்.

பட்ஜெட் இல்லையென்றால் நின்று பாடுகிற மைக் மூன்று போதும். ஒரு மைக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். ஸ்பெஷல் நாடகக்காரர்கள் (ஓர் இரவு நாடகத்துக்குத் தனித்தனியாக ஒப்பந்தமாகி வரும் நடிகர்கள்) இப்படி மைக்கைத் தேடி வந்து பாடுகிறவர்கள்தான். நகைக்கத் தக்கதென்று சிலர் நினைக்கலாம், ஆனால் அவர்கள் சொல் ஒன்றுகூடத் தவறாது. நடிகர் மேடை முழுக்க ஓடியாடி வார்த்தை தொலைவதைவிட, நின்று பாடி வார்த்தை சேர்வது மேல் என்றே சொல்வோம்.

கல்யாண மண்டபத்தில் போட்டால் பிரச்சினை தலைகீழ். ஓட்டுத்தரை, வெறுஞ்சுவர், கண்ணாடி சன்னல். ஒலி சுற்றிச் சுற்றி வந்து அடுத்த சொல்லை மூடும். அங்கே ஸ்பீக்கரைச் சுவரைப் பார்க்கவிடாமல் கூட்டத்தைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வைத்து, பின்சுவரில் பந்தல் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட வேண்டும். பாட்டின் வேகத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். காலி மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது மோசமாகக் கேட்டால் கலங்க வேண்டாம், ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் அடங்கும்.

காற்று, மழை, கடல்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றித் தெரியாமல் தோவாளை தாலுகாவில் ஆனி, ஆடியில் மேடை போடுகிறவர் பாடம் படிப்பார். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். இருபதுக்குப் பன்னிரண்டு அடி ஃபிளெக்ஸ் திரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் 150 கிலோவுக்குக் குறையாத தள்ளுவிசை விழும். மூங்கிலில் சணல் கட்டி நிறுத்தினால் சாய்ந்துவிடும். வலைத்துணித் திரை போடலாம். ஃபிளெக்ஸ்தான் என்றால் அரைவட்டக் கீறல்கள் போட்டுக் காற்றுக்கு வழிவிடலாம், பின்னால் இழுகயிறு இரண்டு பக்கமும் கட்டவேண்டும். மைக்குக்கு நுரைக் குல்லாய் கட்டாயம்.

மேடை எந்தத் திசையைப் பார்க்கவேண்டும் என்பதைக் கமிட்டி பெரும்பாலும் இடவசதி பார்த்தே முடிவு செய்கிறது. முடியுமானால் காற்று மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசும்படி அமையுங்கள். காற்றோடு போகிற ஒலி தரையை நோக்கி வளைந்து தூரம் போகும். காற்றை எதிர்த்துப் போகிற ஒலி மேலே வளைந்து பின்வரிசையின் தலைக்கு மேலாகப் போய்விடும். நடிகர் முதுகில் காற்று படுவதால் மைக்கில் புஸ்ஸென்ற சத்தமும் குறையும். கடற்கரை ஊர்களில் அலைச் சத்தம் எப்போதும் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே மிக மெல்லிய குரலில் பாடும் தாலாட்டு, மன்றாட்டுப் பாட்டுகள் மூன்றாம் வரிசையோடு நின்றுவிடும். அந்தப் பாட்டுகளை அரைக் கட்டை ஏற்றிக் கொஞ்சம் திறந்த குரலில் பாடுவது நல்லது.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கோட்டாறு சவேரியார் திருவிழா நிறைகிற டிசம்பர் 3ஐ ஒட்டிய நாட்கள் மழைக்குரியவை. தகரக் கொட்டகையில் மழை விழுந்தால் எந்த மைக்செட்டும் ஜெயிக்காது. அந்த நேரம் கத்திப் பாடித் தொண்டையைக் கெடுக்காதீர்கள். காட்சியை நிறுத்தி, மழை விட்டதும் காட்சியின் தொடக்கத்திலிருந்து எடுங்கள். கதையை அறிவிக்கிற கட்டியங்காரனோ, கோமாளியான பபூனோ வந்து இரண்டு வரியில் கதையை நினைவூட்டினால் கூட்டம் தானாகச் சேரும். பாதிப் பாட்டிலிருந்து தொடர்ந்தால் சேராது.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று மட்டும்: விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி லைன். ஆயிரம் வாட் பார் (PAR) மேடை விளக்கு பன்னிரண்டு போட்டால் 12 கிலோவாட் இழுக்கும். அதே லைனில் மிக்சர் இருந்தால் விளக்கு மங்கிப் பிரகாசிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் உறுமும்.

நேரம்

பழைய நாடகம் இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலையில் முடியும். இப்போது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், விழாக்களுக்காக நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். நாடக நாள் அந்தத் தளர்வுக்குள் வருகிறதா என்று கமிட்டியிடம் முன்பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், கூட்டத்தின் எதிர்வினையைக் கெடுப்பதில் இதற்கு ஈடு வேறில்லை. திருப்பலி, ஆராதனை அல்லது தீபாராதனை முடிந்து, வாழ்த்துரைகள் முடிந்து, பரிசளிப்பு முடிந்து மேடை கைக்கு வரும்போது எட்டே முக்கால். பத்து மணிக்குப் போலீஸ் வந்து நிற்கும். இரண்டரை மணி நேர நாடகத்தின் உச்சக்காட்சி அவசரத்தில் சிதையும். அதற்குப் பிறகு கூட்டம் கைதட்டவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. 110 நிமிட வடிவம் ஒன்றும் 75 நிமிட வடிவம் ஒன்றும் இரண்டையும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்து வையுங்கள். வெட்டு எங்கே என்று எல்லாருடைய பிரதியிலும் சிவப்பில் குறித்திருக்கட்டும். மேடைப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த நேரத்தில் வெட்டினால் பக்கவாத்தியக்காரர் ஒரு பாட்டையும் பபூன் இன்னொரு காட்சியையும் தொடங்குவார்கள்.

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கெல்லாம் எழவேண்டியவர்கள். கடற்கரையில் விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர்கள். அவர்கள் ஒன்பதரைக்கு எழுந்து போனால் அது நாடகத்தின் மீதான தீர்ப்பு ஆகாது. மேற்குப் பக்க ஊர்களில் ரப்பர் இலையுதிர்ந்து வெட்டு நிறுத்தும் வாரங்களிலும், கடற்கரையில் மறுநாள் தொழிலுக்குப் போகாத இரவிலும் அதே கூட்டம் கடைசி வரை உட்காரும். தேதி வாங்கும்போது இதைக் கேட்கிற குழு மிகக் குறைவு.

கூட்டத்தைப் படிப்பது

கைதட்டலை வைத்து அளப்பதில் முதல் சிக்கல் ஒலியியல். அரங்கில் நூறு பேர் தட்டினால் சுவர் திருப்பி அனுப்பி மேடையை நிறைக்கும். மைதானத்தில் ஐந்நூறு பேர் தட்டினாலும் அது மேலே போய்விடும். மேடையில் நடிகருக்கே கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் முன் நிற்கிற நடிகருக்கு ஒன்றும் கேட்காது. சென்னை சபாக்களில் ஆடிவிட்டு வருகிறவர்கள் இங்கே சோர்ந்துபோவதற்கு இதுவே காரணம். கூடவே, இங்கே பாதிப் பேர் மடியில் பிள்ளையோடு இருப்பார்கள், கை சும்மா இருக்காது.

இரண்டாவது, தட்டுவதற்கு இடம் கொடுக்கவேண்டும். பாட்டு தேய்ந்து மறைந்து முடிந்தால் எந்தக் கூட்டமும் தட்டாது. மிருதங்கத்தில் தீர்மானம் என்கிற முடிவுக் கோர்வையை வைத்து, கடைசி அடியில் நடிகர் உறைந்து நின்று, இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காமல் இருந்தால் தட்டுவார்கள். பதிவு செய்த டிராக்கை ஓடவிட்டு நடிக்கும் குழுக்களில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த காட்சியின் பின்னணி இசை உடனே விழுந்துவிடுகிறது. கூட்டத்துக்கு மூச்சுவிட இடமில்லை. டிராக்கை ஒரே நீளமாக வைக்காமல் பாட்டுக்குப் பாட்டு வெட்டி, ஆள் கையால் தொடங்கும்படி வையுங்கள். கூட்டம் சிரித்தால் சிரிப்பு முடியக் காத்திருக்க முடியும்.

தெரிந்த கதைக்கு ஒருவித எதிர்வினை, தெரியாத கதைக்கு வேறு. தேவசகாயம் பிள்ளையின் (1712–1752) வாழ்க்கை இங்கே நாடகமாகும்போது நட்டாலத்தில் பிறந்ததிலிருந்து காற்றாடிமலையில் உயிர் நீத்தது வரை கூட்டத்துக்கு மனப்பாடம். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே கூட்டம் நடிகரை முந்திக்கொண்டு நிற்கிறது. விலங்கு மாட்டும் காட்சிக்கு விளக்கு மாறும்போதே பெண்கள் பக்கம் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிடும். மேலும் அழுத்தி, இழுத்து, பின்னணியில் வயலினை உச்சத்துக்குக் கொண்டுபோனால் அந்தக் கண்ணீர் காய்ந்துவிடும். அரிச்சந்திரனின் மயான காண்டமும் அப்படியே. தெரிந்த கதையில் பாட்டைக் குறைத்து, மௌனத்தை நம்புங்கள். புதுக் கதையென்றால் முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் யார் யார் என்று விளங்கிவிட வேண்டும். நோட்டீஸில் விருந்தினர் பெயர்களுக்கு நடுவே எட்டு வரிக் கதைச்சுருக்கத்துக்கு இடம் கேட்டு வாங்குங்கள்.

எழுந்து போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கடைசி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் காட்சி மாறும் இருட்டில் கூட்டமாக எழுவார்கள், வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அலுத்துப் போகிறவர்கள் பாட்டின் நடுவில் ஒற்றையாளாக எழுவார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் வகைக்காக எதையும் மாற்ற வேண்டாம். இரண்டாம் வகை ஒரே பாட்டில் எல்லா ஊரிலும் நடந்தால் அந்தப் பாட்டை வெட்டுங்கள், இசையமைப்பாளர் எவ்வளவு வருந்தினாலும்.

ஓரத்தில் நிற்கிற ஆண்கள் கூட்டம் மிக நல்ல அளவுகோல். மதிலில் சாய்ந்தும் பைக்கில் உட்கார்ந்தும் நிற்கிறவர்கள் எந்த நிமிடமும் போகக்கூடியவர்கள். அவர்கள் பேச்சு நின்றால் நாடகம் பிடித்துவிட்டது. செல்போன் வெளிச்சம் படுகிற முகங்களை மேடையிலிருந்தே எண்ண முடியும். ஒரு பாட்டில் அவை கூடினால், திரையைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கிறார்களா, குனிந்து வேறு எதையோ பார்க்கிறார்களா என்பதைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது மகிழ்ச்சி, இரண்டாவது அபாயம்.

முன்வரிசை சோபாக்களைப் பற்றிக் கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அருட்தந்தையர், பிரமுகர்கள், பேச்சாளர்கள் நடுமுன்வரிசையில் அமர்வது வழக்கம். அவர்கள் பதவிக்கேற்ற அமைதியோடு இருப்பார்கள், பாதியில் கிளம்பவும் செய்வார்கள். பின்னால் இருப்பவர்கள் அவர்களைப் பார்த்தே சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். பபூன் காட்சி செத்துப்போவதற்கு அடிக்கடி இதுவே காரணம். சோபாவை ஒரு பக்கமாக ஒதுக்கி, நடுவில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்தால் மேடைக்கு உயிர் வருகிறது. முதலில் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு தாய்மார், பிறகு எல்லாரும்.

சிரிப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பபூன் காமெடி அப்படியே இங்கே எடுபடுவதில்லை. இரட்டை அர்த்தப் பேச்சு கோயில் முற்றத்திலும் பள்ளி வளாகத்திலும் முகம் சுளிக்க வைக்கும், அடுத்த ஆண்டு அழைப்பு வராது. ஊர்ப் பேச்சை வைத்துச் சிரிக்க வைக்கலாம் என்று "மக்கா", "லேய்" எல்லாம் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் தடவை சிரிப்பார்கள். பேச்சையே கேலிப்பொருளாக்கினால் மூன்றாம் தடவை கூட்டம் இறுகிவிடும், கடற்கரையிலும் மலையோரத்திலும் இன்னும் சீக்கிரம். நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு. அந்தந்தப் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிவைத்துப் பத்துப் பன்னிரண்டு வரிகளை மட்டும் மாற்றி எழுதி வாங்குங்கள். ஊரின் உண்மையான கவலையைப் பேசினால், பஸ் வராத ரோட்டையும் ரப்பர் விலையையும் தொட்டால், சிரிப்பு தானே வரும்.

ஒன்ஸ்மோர் கேட்டால் முழுப் பாட்டையும் திருப்பப் பாடவேண்டாம், கடைசிச் சரணம் மட்டும், அதுவும் ஒரு தடவை. அன்பளிப்பும் பொன்னாடையும் காட்சி நடுவே மேடையேறாமல் இருக்க, பக்கத்தில் ஒருவர் வாங்கி வைத்து இடைவேளையில் அறிவிக்கட்டும். எல்இடி சுவர் வாடகைக்கு எடுக்கிற விழாக்களில் அதன் பிரகாசத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூட்டம் நடிகரை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கும். கேமரா வழியே வரும் படம் சற்றுப் பிந்துவதால் வாயசைவும் பாட்டும் ஒட்டாது. அந்தச் சுவரில் கோரஸின் பல்லவி வரியை மட்டும் போடலாம், முழுப் பாட்டையும் போட்டால் எல்லாரும் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மறுநாள் செய்யவேண்டியது

குழுவில் ஒருவர் நடிக்காமல், ஒலி மிக மெலிந்து கேட்கும் இடத்தில் உட்காரவேண்டும். அவர் கையில் பாட்டு வரிசை எழுதிய தாள் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே தொடங்கிய நேரம், பேச்சு அடங்கிய இடம், சிரித்த வரி, எழுந்து போனவர்கள், விளங்காத சொல் என்று குறித்துவரட்டும். பெண்கள் அமரும் பக்கம் இன்னொருவர், அவர் பெண்ணாக இருக்கட்டும். கூட்டத்தைப் பார்த்தபடி ஒரு ரெக்கார்டரை ஆள் உயரத்துக்கு மேலே கட்டி வைத்தால், மேடையில் கேட்காத கைதட்டலும் சிரிப்பும் மறுநாள் கேட்கும். நடிகர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். சோர்ந்த முகங்கள் மலர்வதைக் காணலாம்.

பார்த்தவர்களிடம் "நாடகம் எப்படி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துது" என்றே பதில் வரும். விருந்தாளியிடம் குறை சொல்லும் பழக்கம் இங்கே இல்லை. "ஆத்துக்கரையில அவ பாடுனாளே, எதுக்காக்கும் அழுதா?" என்று கேளுங்கள். சரியான பதில் வந்தால் பாட்டு சேர்ந்தது. "என்னமோ பாடுனா, ராகம் கொள்ளாம்" என்று வந்தால் சேரவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர், நடுவில் இரண்டு பேர், ஓரத்தில் நின்ற இரண்டு பேர் போதும். முன்னால் இருந்தவருக்குத் தெரிந்து பின்னால் இருந்தவருக்குத் தெரியாவிட்டால் அது ஒலியின் பிழை. இருவருக்குமே தெரியாவிட்டால் பாட்டை எழுதியதில் பிழை.

இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயில் மைதானம் கூப்பிடு தூரம். இரணியலில் ஆடிய நாடகத்தைப் பற்றிய பேச்சு குழுவின் வேனுக்கு முன்பே திங்கள்நகர் போய்விடும். ஆகவே முதல் ஊரில் கண்ட குறையை இரண்டாம் ஊருக்குள் சரிசெய்தாக வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் அல்ல. ஒலியை முதலில் தொடுங்கள், பிறகு தொடங்கும் நேரம், பிறகு வெட்டு, நடிப்பைக் கடைசியில். ஒரு இரவுக்கு மூன்று மாற்றத்துக்கு மேல் வேண்டாம், பக்கவாத்தியக்காரருக்குக் குறிப்பு தவறும். மாற்றங்களைக் காலையிலேயே வாத்தியக்காரர், விளக்குக்காரர், திரைக்காரர் மூவருக்கும் வாசித்துக் காட்டி, எழுதிய தாளில் ஒரு பிரதியை அடுத்த ஊர் மைக்செட்காரர் கையில் மத்தியானமே கொடுத்துவிடுங்கள்.